கையெழுத்திடும் முன் கணையத்தைக் கேளுங்கள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கும் கடிதத்தின் சுருக்கம்:

"டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 43. பள்ளி ஆசிரியை. உயரம் 157 செ.மீ., எடை 82 கிலோ. ஆறு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு, டாபாகிளிஃப்ளோசின் மூன்றையும் சாப்பிட்டும் ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (எச்.பி.ஏ1சி) 8.9-க்குக் கீழே இறங்கவில்லை. நெஞ்செரிச்சலுக்கும் தினமும் ஒரு மாத்திரை. நடைப்பயிற்சி, பேலியோ, கொள்ளுக் கஞ்சி என்று பார்க்காத வழியில்லை. ஒருமுறை 11 கிலோ குறைத்தேன். ஒன்றரை ஆண்டில் 13 கிலோ ஏறிவிட்டது. போன மாதம் ஒரு தனியார் மருத்துவமனையின் இலவச முகாமுக்குப் போனேன். இரைப்பையைச் சிறிதாக்கும் ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்தால் சர்க்கரை நோய் முற்றிலும் குணமாகிவிடும், இந்த மாதத்துக்குள் பதிவு செய்தால் சலுகை உண்டு என்றார்கள். 'வாயைக் கட்டினால் போதும், வயிற்றை எதற்கு அறுக்க வேண்டும்?' என்கிறார் கணவர். மாமியாரிடம் கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசிக்கிறேன். 2024இல் புதுச்சேரி இளைஞர் ஒருவர் இந்தச் சிகிச்சைக்காகச் சென்னை சென்று உயிரிழந்த செய்தியை என் பன்னிரண்டு வயது மகள் பார்த்திருக்கிறாள். 'உனக்கும் அப்படி ஆகிவிடுமா அம்மா?' என்று கேட்கிறாள். நான் என்ன செய்யட்டும்?"

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கணவரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். கடிதத்தில் உங்களுக்கு அதிகம் வலித்த இடம் அதுதான் என்று படுகிறது. நீங்கள் 11 கிலோ குறைத்தவர். வாயைக் கட்டத் தெரியாதவரால் அது முடியாது. எடை சட்டென்று குறையும்போது உடல் அதைப் பஞ்சம் என்றே எடுத்துக்கொள்கிறது. இரைப்பையின் மேற்பகுதியில் அதிகமாகச் சுரக்கும் கிரெலின் என்ற பசி ஹார்மோன் ஏறுகிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவிடும் சக்தியோ இறங்குகிறது. முன்பு செரித்துப் போன அதே மூன்று இட்லி இப்போது கொழுப்பாகத் தங்குகிறது. மாதக்கணக்கில் பசியோடு மல்லுக்கட்டிய பிறகு உடல் வென்றுவிடுகிறது. தோற்றது உங்கள் மனஉறுதி அல்ல. இந்தப் பத்தியை உங்கள் கணவரிடம் படித்துக் காட்டுங்கள்.

நான் புதுச்சேரியில் சர்க்கரை நோய்க்கு மருத்துவம் பார்ப்பவள். அறுவை மருத்துவர் அல்ல. ஆகவே இந்தச் சிகிச்சையை விற்க வேண்டிய தேவையோ மறுக்க வேண்டிய பிடிவாதமோ எனக்கு இல்லை.

இது கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் சிகிச்சை என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை. ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேலான பகுதியை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிடுகிறார்கள்; வாழைப்பழ வடிவில் ஒரு குழாய்தான் மிஞ்சும். கிரெலின் சுரக்கும் பகுதியும் அதோடு போய்விடுவதால் பசியே குறைகிறது. பைபாஸ் முறையில், இரைப்பையின் உச்சியில் 30 மில்லி அளவுக்கு ஒரு சிறு பை அமைத்து, அதை நேராகச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு இணைக்கிறார்கள். (இதய பைபாஸுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பெயரைக் கேட்டதும் பயந்துபோகிறவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன்.) உணவு சிறுகுடலுக்குள் சீக்கிரம் போய்ச் சேர்வதால் ஜி.எல்.பி-1 என்ற ஹார்மோன் அதிகம் சுரந்து இன்சுலினைத் தூண்டுகிறது. அதனால்தான் எடை இறங்கும் முன்பே, சில நாட்களிலேயே, சர்க்கரை இறங்கத் தொடங்குகிறது. எடைக்காக பைபாஸ் செய்துகொண்டவர்களின் சர்க்கரை நோய் ஆண்டுக்கணக்கில் அடங்கியிருந்ததை அமெரிக்க அறுவை மருத்துவர் வால்டர் போரீஸ் 1995இல் விரிவாக எழுதினார். எடைக்கான சிகிச்சை சர்க்கரை நோய்க்கான சிகிச்சையாகவும் பார்க்கப்படத் தொடங்கியது அதன் பிறகுதான்.

உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் எண்) 33.3 வருகிறது. 1991இல் அமெரிக்காவில் வகுத்த விதிப்படி இந்த அறுவைக்கு அது 40 இருக்க வேண்டும். சர்க்கரை போன்ற நோய் இருந்தால் 35 போதும். உலக அறுவை மருத்துவச் சங்கங்கள் 2022இல் அந்த வரம்பைத் தளர்த்தின. சர்க்கரை நோய் இருந்தால் 30-லேயே யோசிக்கலாம் என்றும், ஆசியர்களுக்கு 27.5 போதும் என்றும் சொன்னார்கள். நம்மவர்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றுக்குள் கொழுப்பு சேர்ந்துவிடுகிறது என்பதுதான் காரணம். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வில் புதுச்சேரியில் நூற்றுக்கு 26 பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகத் தெரிந்தது. கோவாவுக்கு அடுத்தபடி நாட்டிலேயே அதிகம் இதுதான். ஆகவே நீங்கள் இந்தச் சிகிச்சைக்குத் தகுதியானவர்தான். அந்த அளவில் முகாமில் சொன்னது சரி.

"முற்றிலும் குணமாகிவிடும்" என்று சொன்னார்களே, அது சரியல்ல. எல்லா மருந்தையும் நிறுத்திக் குறைந்தது மூன்று மாதம் கழித்தும் அந்தச் சராசரி 6.5-க்குக் கீழே இருந்தால் நோய் தணிந்திருக்கிறது என்கிறோம். தணிவு வேறு, குணம் வேறு. ஸ்வீடனில் ஆண்டுக்கணக்கில் நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், அறுவை சிகிச்சை செய்துகொண்ட சர்க்கரை நோயாளிகளில் 72 சதவீதம் பேருக்கு இரண்டாம் ஆண்டில் நோய் தணிந்திருந்தது. பதினைந்தாம் ஆண்டில் அது 30 சதவீதமாகிவிட்டது. அமெரிக்காவில் கிளீவ்லேண்டில் 150 பேரை வைத்து நடந்த ஆய்வில், ஐந்து ஆண்டுகள் கழித்து மூன்று மாதச் சராசரி 6.0 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்கள் பைபாஸில் 29 சதவீதம், ஸ்லீவில் 23 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5 சதவீதம். இதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். அதே ஸ்வீடன் ஆய்வில், கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றைத் தாக்கும் பாதிப்புகள் அறுவை செய்துகொண்டவர்களிடம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. மாத்திரை திரும்ப வந்தாலும், நல்ல கட்டுப்பாட்டில் கழிந்த ஆண்டுகள் உடம்பில் மிச்சமாகின்றன. இதுவே பெரிய லாபம். ஆனால் இதைச் சொல்லித்தான் உங்களை அழைத்திருக்க வேண்டும்.

யாருக்கு நிலைக்கும், யாருக்குத் திரும்பும்? முகாமில் உங்கள் எடையை மட்டும் பார்த்திருக்கிறார்கள். நான் கணையத்தைப் பார்க்கச் சொல்வேன். இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் எத்தனை உயிரோடு மிச்சமிருக்கின்றன என்பதைப் பொறுத்தே இந்தச் சிகிச்சையின் பலன் அமைகிறது. நோய் வந்து எத்தனை ஆண்டு, இன்சுலின் ஊசி போடும் நிலை வந்துவிட்டதா, எத்தனை மருந்து, வயது என்ன என்பதெல்லாம் அதற்கான அடையாளங்கள். உங்களுக்கு ஆறு ஆண்டு, ஊசி இல்லை, வயது 43, மூன்றும் சாதகம். மூன்று மாத்திரைக்குப் பிறகும் 8.9 என்பது கொஞ்சம் பாதகம். சி-பெப்டைடு என்ற ரத்தப் பரிசோதனை கணையத்தின் மிச்ச சக்தியை நேரடியாகக் காட்டும். அதோடு ஜி.ஏ.டி. எதிர்ப்பொருள் பரிசோதனையும் செய்யுங்கள். சிலருக்கு டைப் 2 போலத் தோன்றினாலும் உடலே பீட்டா செல்களை அழித்துக்கொண்டிருக்கும். அவர்களுக்கு வயிற்றை எவ்வளவு சிறிதாக்கினாலும் சர்க்கரை அடங்காது.

இதை அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. மருத்துவம் பார்க்கத் தொடங்கிய காலத்தில் அறுவை சிகிச்சையைக் கடைசி ஆயுதமாகவே நானும் நினைத்தேன். நெல்லிக்குப்பம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்மணி, ஏறக்குறைய உங்கள் வயதில், ஏறக்குறைய உங்கள் எண்களோடு, இதே கேள்வியைக் கேட்டார். "எல்லா வழியையும் பார்த்துவிட்டுப் போகலாம் அம்மா" என்றேன். எல்லா வழியையும் பார்த்து முடிக்க எட்டு ஆண்டுகள் ஆயின. அதற்குள் இரண்டு வேளை இன்சுலின், விழித்திரையில் லேசர், சிறுநீரில் புரதம். பிறகு அறுவை செய்தார். எடை நன்றாகவே குறைந்தது. ஆனால் இன்சுலினை விட முடியவில்லை. கணையத்தில் எழுந்திருக்க ஆள் இல்லை. அவர் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அந்த எட்டு ஆண்டு எனக்கு மறக்கவில்லை.

ஆகவே எட்டு ஆண்டு காத்திருக்க வேண்டாம்; இந்த மாதச் சலுகைக்காக ஓடவும் வேண்டாம். மூன்று மாதம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் கணையம் எதையும் பெரிதாக இழந்துவிடாது.

அந்த மூன்று மாதத்தில் செய்ய நிறைய இருக்கிறது. முதலில் கண். சர்க்கரை திடீரென்று இறங்கும்போது ஏற்கெனவே பழுதுபட்ட விழித்திரை மோசமாகலாம். கடலூர்–புதுச்சேரி சாலையில் தவளக்குப்பத்தில்தான் அரவிந்த் கண் மருத்துவமனை. ஒரு நாள் விடுப்புப் போட்டு விழித்திரையைப் பார்த்துவிட்டு வாருங்கள். அடுத்தது உங்கள் நெஞ்செரிச்சல். முகாமில் இதை யாரும் கேட்கவில்லை என்றால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஸ்லீவுக்குப் பிறகு இரைப்பைக்குள் அழுத்தம் கூடி, அமிலம் மேலே ஏறுவது பலருக்கு மோசமாகிறது. பைபாஸில் அது பெரும்பாலும் குறைகிறது. தினமும் அதற்கு மாத்திரை எடுக்கும் ஒருவருக்கு எண்டோஸ்கோப்பி செய்து பார்க்காமல் ஸ்லீவ் என்று முடிவு செய்யக் கூடாது. ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி, தைராய்டு ஆகியவற்றையும் இப்போதே பாருங்கள். ஏற்கெனவே ரத்தசோகை இருந்தால் பைபாஸ் அதைக் கூட்டும். முதலில் சரிசெய்தாக வேண்டும்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. எடையையும் சர்க்கரையையும் குறைக்கும் புதிய ஊசி மருந்துகளை யாராவது உங்களுக்குச் சொன்னார்களா? கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. டிர்செபடைடு 2025 மார்ச் முதல் இந்தியாவில் கிடைக்கிறது. வாரம் ஒரு ஊசி. சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் அதன் உயர் அளவு 72 வாரங்களில் எடையை ஏறத்தாழ 15 சதவீதம் குறைத்தது. உங்கள் கணக்கில் 12 கிலோ. அறுவை சிகிச்சையில் ஏறத்தாழ கால் பங்கு எடை, அதாவது 20 கிலோ அளவுக்கு எதிர்பார்க்கலாம். இந்த வகை ஊசிகளை நிறுத்தினால் எடையின் பெரும்பகுதி திரும்பிவிடுகிறது என்பதும், மாதச் செலவும் யோசிக்க வேண்டியவை. பிரிட்டனில் 2018இல் வெளியான இன்னொரு ஆய்வில், நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்தவர்களுக்கு மருத்துவக் கண்காணிப்பில் நாளுக்கு 850 கலோரி அளவில் திரவ உணவு கொடுத்தார்கள். ஓராண்டில் 46 சதவீதம் பேருக்கு நோய் தணிந்தது. 15 கிலோவுக்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு. நீங்கள் அந்த ஆறாம் ஆண்டின் விளிம்பில் நிற்கிறீர்கள். வீட்டில் தனியாக இதை முயலாதீர்கள். கிளிமிபிரைடு சாப்பிட்டுக்கொண்டே பட்டினி கிடந்தால் சர்க்கரை தாழ்ந்து வகுப்பிலேயே மயங்கி விழுவீர்கள். டாபாகிளிஃப்ளோசினோடு பட்டினி கிடந்தால், குளுக்கோமீட்டரில் எண் நன்றாகத் தெரியும்போதே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறிவிடலாம். அறுவைக்கு முன்பும் அந்த மாத்திரையைக் குறைந்தது மூன்று நாளாவது நிறுத்த வேண்டும். உங்கள் மாத்திரைச் சீட்டை மயக்க மருத்துவரிடம் நீங்களே காட்டுங்கள். மற்றவர்கள் காட்டுவார்கள் என்று விட்டுவிடாதீர்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி, காப்பீட்டு நிறுவனம் இந்தச் சிகிச்சைக்குப் பணம் தர பி.எம்.ஐ. 40 இருக்க வேண்டும்; கட்டுப்படாத டைப் 2 சர்க்கரை நோய் போன்ற கடும் பாதிப்பு இருந்தால் 35. உங்களுடையது 33.3. மருத்துவம் தகுதி என்கிறது, காப்பீடு தகுதியில்லை என்கிறது. "எடையைக் கொஞ்சம் கூட்டி எழுதிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். எடையையே பொய்யாக எழுதுகிறவர்கள் வேறு எதையும் சரியாக எழுதுவார்கள் என்று நம்ப முடியாது. நகையை அடகு வைப்பதாக இருந்தால், ஆயுள் முழுக்க வாங்க வேண்டிய சத்து மாத்திரைகளையும் ஆண்டுதோறும் வரும் ரத்தப் பரிசோதனைகளையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இரண்டாம் கருத்துக்கு, உங்கள் பணத்தில் ஆதாயம் இல்லாத இடமாகப் போங்கள். கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. அறுவை மருத்துவரிடம், இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறார், வெட்டி இணைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டால் நடுராத்திரியில் யார் வருவார்கள், தீவிர சிகிச்சைப் பிரிவு அதே கட்டடத்தில் இருக்கிறதா, ஐந்தாம் ஆண்டில் என்னை யார் பார்ப்பார்கள் என்று கேளுங்கள். கேள்வி கேட்டால் முகம் சுளிப்பவர் உங்களுக்கான மருத்துவர் அல்ல.

அறுவைக்குப் பிறகான வாழ்க்கை, கத்தி பட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தைவிடப் பெரிது. முதல் இரண்டு வாரம் நீர் உணவு, பிறகு மசித்தது, ஒன்றரை இரண்டு மாதத்தில்தான் வழக்கமான சாப்பாடு. அதுவும் பழைய சாப்பாடு அல்ல. தட்டில் முதலில் புரதம்: முட்டை, பருப்புக் கடைசல், நம் கடலூர்த் துறைமுகத்து மீன். நாளுக்கு 60 கிராமுக்குக் குறையக் கூடாது. சோறு சிலருக்குத் தொண்டைக்குக் கீழே அடைப்பது போல நிற்கும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. அரை மணி இடைவெளி வேண்டும். பண்ருட்டிப் பலாச்சுளையை நாலைந்து சேர்த்துச் சாப்பிட்டால், பைபாஸ் செய்தவருக்குப் படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்கும் வரலாம். மூன்றாம் மாதத்தில் தலைமுடி கொத்தாக உதிரும். பெரும்பாலும் திரும்ப வளரும், ஆனால் கண்ணாடி முன் நிற்கும் அந்த நாட்கள் கஷ்டமானவை. எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் உருவாகலாம்; அதைத் தடுக்க ஆறு மாதம் ஒரு மாத்திரை தருவார்கள். முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் டைக்ளோஃபினாக் வாங்கிப் போடும் பழக்கம் நம் ஊரில் எல்லோருக்கும் உண்டு. பைபாஸுக்குப் பிறகு அது இணைப்பில் புண்ணை உண்டாக்கும். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆகியவற்றை உயிருள்ளவரை விட முடியாது. பொங்கலுக்கு ஒரு வாரம், ஊருக்குப் போனால் ஒரு வாரம் என்று மாத்திரையை விடுகிறவரா நீங்கள்? இதற்கான நேர்மையான பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

அதனால்தான் மாமியாரிடம் பொய் சொல்ல வேண்டாம் என்கிறேன். நல்லொழுக்கத்துக்காகச் சொல்லவில்லை. பெரும்பாலான வீடுகளைப் போல உங்கள் வீட்டிலும் அடுப்படி அவர் கையில் இருந்தால், கர்ப்பப்பை ஆபரேஷன் என்று நம்புகிறவர் உடம்பு தேறட்டும் என்று மூன்றாம் நாளே நெய் ஊற்றிப் பிசைந்து தருவார். நீங்கள் வாந்தி எடுத்தால் பித்தம் என்று நினைப்பார். விடாத வாந்தி இந்தச் சிகிச்சைக்குப் பிறகு ஆபத்தான அறிகுறி. வைட்டமின் பி1 தீர்ந்து மூளை பாதிக்கப்படும் அளவுக்குப் போகலாம். அவரையும் அழைத்துக்கொண்டு உணவியல் நிபுணரைப் பாருங்கள். "இதை எப்படிச் சமைத்துத் தரலாம்?" என்று அவரிடமே கேட்கச் சொல்லுங்கள். எதிர்த்த மாமியார்கள் அந்தக் கேள்விக்குப் பிறகு காவல்காரர்களாக மாறியதை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இப்படிச் செய்வேன். பதிவுக்குக் கட்டிய முன்பணம் ஏதாவது இருந்தால் போனால் போகட்டும் என்று விடுவேன். பரிசோதனைகளை முடித்து, மூன்று மாதம் ஊசியையோ கண்காணிப்போடு கூடிய உணவு முறையையோ முயல்வேன். சர்க்கரை 7-ஐ நெருங்கி, அதை ஆண்டுக்கணக்கில் தொடர முடியும் என்று தோன்றினால் அதிலேயே இருப்பேன். இல்லையென்றால், சி-பெப்டைடு நன்றாக இருக்கும்பட்சத்தில், குற்றவுணர்ச்சி இல்லாமல் அறுவைக்குப் போவேன். உங்கள் நெஞ்செரிச்சலை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் பைபாஸுக்கு. சி-பெப்டைடு மிகக் குறைவாக இருந்தால் சர்க்கரைக்காக அறுவை வேண்டாம்.

கடைசியாக உங்கள் மகள். "ஒன்றும் ஆகாது" என்று சொல்லாதீர்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அது பொய் என்று தெரிந்துவிடும். அனுபவமுள்ள இடங்களில் இந்தச் சிகிச்சைக்குப் பின் முதல் மாதத்தில் உயிரிழப்பவர்கள் ஆயிரத்தில் ஒருவரிலிருந்து மூன்று பேர் வரை. பித்தப்பை அறுவைக்கும் கிட்டத்தட்ட இதே அளவுதான் என்று சொல்லுங்கள். அந்த ஆபத்தைக் குறைக்கத்தான் இந்த மூன்று மாதமும் இவ்வளவு கேள்விகளும் என்று சொல்லுங்கள். சர்க்கரையை 8.9-லேயே விட்டுவைப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதையும் மறைக்காதீர்கள். அறுவை என்று முடிவானால் எந்த நாள், எந்த மருத்துவமனை, அன்று இரவு அவளோடு யார் படுப்பார்கள், காலையில் யார் போன் செய்வார்கள் என்பதை முன்கூட்டியே அவளிடம் சொல்லிவிடுங்கள். பிறகு அவள் என்ன கேட்டாலும் பதில் சொல்லுங்கள். பதில் தெரியாத கேள்வியாக இருந்தால் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள். மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றில் அதையும் சேர்த்துவிடலாம்.